பெற்றோர் வரக்கூடாத மூன்று நாட்கள்

எங்கள் கலைப்பள்ளியின் வரலாற்றை ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி நிர்வாக சபைத் தலைவர் கேட்டு வந்தபோது, கடைசி வசனத்தை அவரே தயாராகக் கொண்டுவந்திருந்தார். "எமது கோடை முகாம் பிள்ளைகளைச் சொந்தக் காலில் நிற்கப் பழக்கியது." சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே, வாசலில் நின்றபடி அதை எனக்குச் சொல்லிக் காட்டினார்.

"மிச்சத்தை நீங்கள் போடுங்கோ அக்கா. நீங்கள் பேப்பரில வேலை செய்தனீங்கள்தானே."

செய்தது உண்மை. இப்போது ஒஸ்லோவில் ஒரு பாலர் பள்ளியில் வேலை செய்கிறேன். ஊரில் இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றின் செய்தி மேசையில் சில வருடங்கள் இருந்தேன். ஒரு வசனத்தை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் இதைப் பார்த்தது யார் என்று கேட்க வேண்டும் என்பது அங்கே படிந்த பழக்கம். முகாமை முதல் வருடத்திலிருந்து பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. தலைவரின் வசனம் சொல்வதை நான் ஒரு வருடமும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம், பின்னேரமானதும் முகாம் வீட்டின் முன் வந்து நிற்கும் பெற்றோரின் கார்களைத்தான். முதல் முகாமின் முதல் நாள் தவிர, அதுவரை கார் வராத ஒரு பின்னேரம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இதை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அது பாசம் அக்கா. அதையும் ஒரு பந்தியில எழுதிப் போடலாம்."

இது போன வருடம், பனி கரைந்துகொண்டிருந்த நாட்களில் நடந்தது. வரலாறு எழுதி முடிய இந்தக் கோடை ஆயிற்று.

பள்ளியின் தொடக்கத்தை எழுதுவதில் சிரமம் இருக்கவில்லை. ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் ஒரு தொடர்மாடியின் நிலக்கீழ் அறையில், நாலைந்து வீட்டுப் பிள்ளைகளுக்கு நடனமும் பாட்டும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதுதான் பள்ளி. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. பிள்ளைகள் கால் தட்டும் சத்தம் கேட்டு, மேல்வீட்டு நோர்வேக்காரர் ஒருநாள் இறங்கி வந்தார். சண்டை பிடிக்கவில்லை. ஓய்வு நாளில் கீழே என்ன கட்டுகிறீர்கள் என்று மட்டும் மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார். அடுத்த மாதம் ஒரு பாடசாலைக் கட்டடத்தைச் சனிக்கிழமைகளில் எடுத்துக்கொண்டோம். நடனம் உடற்பயிற்சி மண்டபத்தில். அந்தத் தரை முழுக்க விளையாட்டுகளுக்காகப் போட்ட நிறக்கோடுகள். இன்றைக்கும் எங்கள் பிள்ளைகளை எந்த மேடையில் ஏற்றினாலும், வரிசையில் நில் என்றதும் குனிந்து நீலக்கோட்டைத் தேடுவார்கள். பாட்டு, தச்சு வேலை வகுப்பறையில். சுவரில் மரமரியும் வாள்கள் அளவு வாரியாகத் தொங்க, அதன் கீழ் சரளி வரிசை. மிருதங்கம் சமையல் வகுப்பறையில், அதன் கதவு தடிப்பு என்பதால்.

அம்மாமார் விறாந்தையில். வரலாறு எழுதுகிறவள் இந்த விறாந்தையை விட்டுவிட முடியாது. முதல் வருடங்களில் அவர்கள் அங்கே காத்திருந்ததற்குக் காரணம் இருந்தது: பனிக்காலம், ஒருவரிடமும் கார் இல்லை, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். பிறகு பலரும் நகருக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கினார்கள். வீட்டுக்கு இரண்டு கார் நின்றது. ஆனாலும் விறாந்தை குறையவில்லை. வெந்நீர்ப் போத்தலில் தேநீர், ஐஸ்கிறீம் பெட்டியில் ரோல்ஸ், நடன மண்டபக் கதவின் கண்ணாடியில் வரிசையாக நெற்றிகள். உள்ளே ஒரு பிள்ளையின் முழங்கை தாழ்ந்தால், வெளியே அதன் தாய் தன் முழங்கையை உயர்த்திக் காட்டுவாள்.

சென்னையிலிருந்து வந்த நடன ஆசிரியை பொறுப்பேற்ற முதல் மாதமே அந்தக் கண்ணாடியில் கறுப்புக் கடதாசி ஒட்டினார். அடுத்த சனிக்கிழமை கடதாசியில் கண் உயரத்தில் ஓர் ஓட்டை இருந்தது.

"எங்க ஊர்ல பேரண்ட்ஸை கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்க மேடம்," என்றார் என்னிடம். "நான் இங்க வந்து பேப்பர் ஒட்டிட்டு நிக்கறேன்."

"எங்கட சனம் அப்பிடித்தான்," என்றேன்.

"அதுல என்ன பெருமை?"

பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் என் குரலில் அது கேட்டிருக்கலாம்.

முகாம், பிள்ளைகள் கேட்டுத்தான் வந்தது. கோடை விடுமுறை முடிந்து பாடசாலை திறந்ததும் கூடப் படிக்கிற நோர்வேப் பிள்ளைகள் எல்லோரும் முகாம் கதை கதைப்பார்களாம். தாங்கள் மட்டும் ரொறொன்ரோவில் மாமா வீட்டுக் கதை சொல்ல வேண்டியிருக்கிறதாம். கேட்டது நியாயமாக இருந்தது. ஏரிக்கரையில் பழைய முகாம் வீடு ஒன்றை மூன்று நாட்களுக்கு எடுத்தார்கள். பெரியவர்கள் பார்த்த ஒரே தகுதி தூரம். ஒஸ்லோவிலிருந்து காரில் ஒரு மணித்தியாலத்துக்குள் இருக்க வேண்டும்.

"ஏதுமொண்டெண்டால் ஓடிப்போகலாம்," என்று அப்போதைய சபையில் ஒருவர் சொன்னார். முகாமின் பின்வந்த வரலாறு முழுவதையும் தீர்மானித்தது அந்த வசனம்தான். அதைச் சொன்னவருக்கே இப்போது அது நினைவில்லை.

நடந்த ஒழுங்கு இது. முதல் நாள் பின்னேரம் ஒரு பிள்ளை தாய்க்கு ஃபோன் எடுத்து, இரவுச் சாப்பாடு பாணும் சீஸும் என்று சொன்னது. முறைப்பாடாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னது. அடுத்த நாள் பின்னேரம் மூன்று கார்கள் புட்டும் மீன்குழம்பும் கொண்டு வந்தன. அடுத்த வருடம் எல்லாக் கார்களும் வந்தன. வந்தவர்கள் சும்மா நிற்கிறார்களே என்று பிள்ளைகளை இரண்டு பாட்டுப் பாடச் சொன்னார்கள். பாட்டுக்கு அடுத்த வருடம் மேடை வந்தது. மேடை இருந்தால் நடனம் வேண்டும், நடனத்துக்கு ஒத்திகை வேண்டும். ஒத்திகைக்குப் பகல் முழுவதும் போனது. பிரதம விருந்தினர் வந்தார், மங்கள விளக்கு வந்தது, நன்றியுரை வந்தது. ஏரி அங்கேயேதான் இருந்தது. கடைசி நாள் பின்னேரம் பிள்ளைகள் முழங்கால் அளவுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்றார்கள். கரையில் அம்மாமார் துவாய்களை விரித்துப் பிடித்தபடி நின்றார்கள்.

இதை இப்படியே எழுதித் தலைவருக்கு அனுப்பினேன். "நல்லா இருக்கு அக்கா, கொஞ்சம் மென்மையாக்குங்கோ" என்று பதில் வந்தது.

என் பெறாமகள், தங்கையின் மகள், இந்தப் பள்ளியில் ஆறு வயதிலிருந்து படித்தவள். இங்கேயே பிறந்தவள். இப்போது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கடைசி வருடம். சில வருடங்களாக முகாமுக்கு அவளும் அவளுடைய சிநேகிதர் நாலைந்து பேரும்தான் பொறுப்பு. அதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. தண்ணீர்ப் பக்கம் பிள்ளைகளைக் கொண்டுபோக, உயிர்காப்புப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். எங்கள் தலைமுறையில் நீந்தத் தெரிந்தவர்களே குறைவு. இளையவர்கள் இல்லையென்றால் முகாம் இல்லை.

போன வருடம் வசந்தத்தில் சபைக் கூட்டம், வழக்கம்போல் இரண்டாம் வகுப்பறையில், குழந்தைகளின் கதிரைகளில். முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தவர்களிடம் அவள் நின்றுகொண்டு கதைத்தாள்.

"அங்கிள், பிள்ளையள் தண்ணியில இறங்கினதே கடைசி நாள் பின்னேரம்தான்."

"தண்ணி எங்கை ஓடப்போகுது பிள்ளை?" என்றார் தலைவர். சிலர் சிரித்தார்கள்.

"மூண்டு நாளும் ஒத்திகை. உங்களுக்குக் காட்டுறதுக்கு. இதைச் சொமர்லைர் எண்டு சொல்ல எனக்கு வெக்கமாயிருக்கு. வீட்டிலயே வைச்சுச் செய்யலாம், ஏரி எதுக்கு?" கோடை முகாமுக்கான நோர்வே மொழிச் சொல்லைத்தான் அவள் எப்போதும் சொல்வாள்.

அவள் வேறு ஓர் இடம் பார்த்து வைத்திருந்தாள். நாட்டின் மேற்குக் கரையில், ஸ்தவாங்கர்ப் பக்கம் ஒரு சிறு தீவு. படகில்தான் போகலாம். கார் போகாது. சபையில் லோறென்ஸ்கூக்கைச் சேர்ந்த ஒரு தாய் இருந்தார், பத்து வயது மகளை எங்கள் நடன வகுப்பின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர். அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"அது பிரச்சினை இல்லை. ஸ்தவாங்கரில எங்கட மச்சாள் இருக்கிறா. அவ சமைச்சுக் கொண்டுபோய்க் குடுப்பா."

"படகில?" என்று கேட்டேன்.

"மச்சாளின்ர மனுசனிட்டை படகு இருக்கு அக்கா."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. என் பெறாமகள் என்னைப் பார்த்தாள். நான் என் கதிரையைப் பார்த்தேன்.

கடைசியில் பழைய ஏரிக்கரையே என்று முடிவாயிற்று. அதற்கு ஈடாக அவள் ஒன்று கேட்டாள்: மூன்று நாட்களும் பெற்றோர் ஒருவரும் வரக்கூடாது. மேடை இல்லை, ஒத்திகை இல்லை. "ஒரு கார் வந்தாலும் அடுத்த வருசம் நான் இல்லை. மற்றவையும் இல்லை. நாங்கள் கதைச்சு வைச்சிட்டம்." கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள். தலைவர் அதைத் தீர்மானமாக்கினார்: பெற்றோர் முகாமுக்கு வருதல் ஆகாது. முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள், எல்லாக் கையும் உயர்ந்தது. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எங்கள் சபையில் எதுவும் ஏகமனதாக நிறைவேறியதில்லை.

சமையலறைக்கு ஒரு பெரிய ஆள் வேண்டும் என்றதால் நான் போனேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வருடம் அது ஒரு தகுதியாயிற்று. நடன ஆசிரியையும் வந்தார், வேடிக்கை பார்க்க.

முதல் நாள் பிள்ளைகள் காலையிலும் பின்னேரத்திலும் தண்ணீரில் கிடந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் பாடசாலையில் நீச்சல் பழகியிருந்தார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. மத்தியானம் மீன் கட்லட்டும் அவித்த உருளைக்கிழங்கும். ஒரு பையன் கறி எங்கே என்று கேட்டான். இல்லை என்றேன். சரி என்று சாப்பிட்டான். அவ்வளவுதான் நடந்தது. இத்தனை வருடங்களாகப் பயந்தது இதற்கா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. பின்னேரம் நான் அடிக்கடி யன்னலால் வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்தேன். நாங்கள் வந்த வான் வண்டி மட்டும் நின்றது.

இரண்டாம் நாள்தான் என் பெறாமகள் திட்டமிட்ட நாள். காலையில் பிள்ளைகளே மா குழைத்தார்கள். அதைப் பெட்டிகளில் போட்டுக்கொண்டு, மிதவை அங்கி மாட்டி, இரண்டு மூன்று பேராகச் சிறு துடுப்புப் படகுகளில் ஏரியின் அக்கரைக்குப் போனார்கள். அங்கே பாறையில் நெருப்பு மூட்டுவதற்கென்று ஒதுக்கிய இடம் இருந்தது. தடியில் மாவைச் சுற்றி நெருப்பில் சுட்டுத் தின்பது இந்த நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் செய்கிற ஒன்று. சுட்டுத் தின்றுவிட்டு, அக்கரையிலிருந்து ஒரு பாட்டுப் பாட வேண்டும், தண்ணீர் கடந்து அது எங்களுக்குக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் அந்த முகாமின் ஒரே கலை நிகழ்ச்சி. பின்னேரம் வரை அங்கேயே இருப்பார்கள். லோறென்ஸ்கூக்கார அம்மாவின் மகள் ஒரு படகின் பின்னால் இருந்து திசை பார்த்தாள். முதலில் படகு ஒரு வட்டம் அடித்தது. பிறகு நேராகப் போனது.

நடன ஆசிரியை படகில் ஏற மறுத்துவிட்டார். "பயம் மேடம், நான் இங்கிருந்தே கேக்கறேன்." இருவரும் கரையில் உட்கார்ந்தோம். அக்கரையில் மெல்லிய புகை எழுந்தது. பொம்மைகள்போல் பிள்ளைகள் அங்குமிங்கும் ஓடினார்கள். இந்த வரலாற்றில் எனக்குத் திருப்தியாக எழுதக்கூடிய ஒரு காட்சி கிடைத்துவிட்டதென்று நினைத்தேன்.

அப்போது முதல் கார் வந்தது.

இறங்கியவர் ரொம்மனில் இருக்கிற ஒரு தகப்பன். அவருடைய மகன் அக்கரையில் இருந்தான். கையில் ஐஸ்கிறீம் பெட்டி.

"தீர்மானம் தெரியும்தானே?" என்றேன்.

"தெரியும் அக்கா. கையும் உயர்த்தினனான்." முகத்தில் ஒரு குற்ற உணர்வும் இல்லை. "நான் என்ர பெடியனைப் பாக்க வரேல்லை. இது லோறென்ஸ்கூக் பிள்ளையின்ர சாப்பாடு. அவளின்ர தாய் வரக்கூடாதுதானே, அதான் என்னட்டைத் தந்துவிட்டவ."

நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது கார் வந்தது. லோறென்ஸ்கூக்கார அம்மா. கையில் ரொம்மன் பையனின் சாப்பாடு. இருவரும் வழியில் பெற்றோல் நிலையத்தில் நின்று பெட்டிகளை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

"உங்கட மகளும் இந்த முகாமிலதானே நிக்கிறாள்," என்றேன்.

"நான் அவளைத் திரும்பியும் பாக்கமாட்டன் அக்கா," என்றார், கண்களால் அவளைத் தேடிக்கொண்டே.

அதன் பிறகு கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சித்தப்பாமார், மாமிமார், பக்கத்து வீட்டுக்காரர். ஒவ்வொருவரும் வேறு ஒருவருடைய பிள்ளைக்கு வந்திருந்தார்கள். தீர்மானத்தை ஒருவரும் மீறவில்லை. கடைசியாகத் தலைவர் வந்தார்.

"நீங்களுமோ?"

"நான் பெற்றோரா வரேல்லை அக்கா. தலைவரா வந்தனான். ஆரும் தீர்மானத்தை மீறினமோ எண்டு ஒருக்காப் பாப்பம் எண்டு."

நடன ஆசிரியை எழுந்து, கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

பிள்ளைகள் எங்கே என்று கேட்டார்கள். நான் அக்கரையைக் காட்டினேன். கூட்டம் முழுவதும் கரைக்கு வந்தது. லோறென்ஸ்கூக்கார அம்மாவின் கை வாய்க்குப் போனது.

"தண்ணிக்கு அங்காலையோ?"

"மிதவை அங்கி போட்டிருக்கினம். நாலு பெரிய பிள்ளையள் கூட நிக்கினம். எல்லாரும் பயிற்சி எடுத்தவை."

"எனக்கு நீந்தத் தெரியாது அக்கா. அவளுக்கு ஏதும் எண்டால் நான் இஞ்சை நிண்டு பாத்துக்கொண்டுதான் நிக்கவேணும்."

"அவளுக்குத் தெரியும்," என்றேன்.

அவருக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை என்பதை முகத்தில் பார்த்தேன். உண்மையில் அதுதான் அவருடைய பயமே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை. தலைவரின் பக்கம் திரும்பினேன். பதினெட்டு வயதில், மொழி தெரியாத நாடுகள் வழியாகத் தனியே இங்கு வந்து சேர்ந்தவர் அவர். பள்ளி விழாக்களில் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

"நீங்கள் அவ்வளவு தூரம் தனிய வந்தனீங்கள். உந்தப் பிள்ளையள் ஒரு ஏரியைக் கடக்கக்கூடாதோ?"

"அதாலதான் அக்கா," என்றார்.

அவர் தன் காரடிக்குப் போய், கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு ஹோர்னை அழுத்தினார். நீளமாக. மற்றவர்களும் தங்கள் கார்களுக்குப் போனார்கள். மரங்களும் தண்ணீரும் தவிர வேறொன்றும் இல்லாத அந்த இடத்தில் அத்தனை ஹோர்னும் ஒன்றாக ஒலித்தபோது நான் காதைப் பொத்தினேன்.

அக்கரையில் உருவங்கள் எழுந்து நின்றன. பிறகு புகை அடங்கியது. படகுகள் அவசர அவசரமாகத் தண்ணீரில் இறங்கின. என் பெறாமகள் தனிப் படகில் முன்னால் வந்தாள். அவள் அப்படித் துடுப்புப் போட்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை. விடாமல் அடிக்கும் நீண்ட ஒலிக்கு அவள் எடுத்த பயிற்சியில் ஒரு பொருள்தான் உண்டு: ஆபத்து. கரை தட்டுவதற்குள் தண்ணீரில் குதித்து நடந்து வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"ஆருக்கு என்ன? பெரியம்மா, ஆருக்கு என்ன நடந்தது?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லைப் பிள்ளை," என்றார் தலைவர். "சாப்பாடு ஆறுது."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். இடுப்பு வரை நனைந்திருந்தது. பின்னால் படகுகள் ஒவ்வொன்றாக வந்து கரை தட்டின. பிள்ளைகளின் கைகளில் தடிகள். வெளியே கருகி, உள்ளே பச்சையாக, பாதி வெந்த மா.

லோறென்ஸ்கூக்கார அம்மாவின் மகள் தாயைக் கண்டதும் ஓடி வந்தாள். தாய் அந்தத் தடியை வாங்கி, மணந்து பார்த்து, புல்லுக்குள் எறிந்தார்.

"வேகாததைத் தின்னாதை, வயித்துக்குத்து வரும்."

"அம்மா, நான்தான் பின்னால இருந்து ஓட்டினனான்."

"சரி. வாயைத் திற."

பிள்ளை வாயைத் திறந்தது.

பாட்டு பாடப்படவில்லை. அது தண்ணீர் கடந்து கேட்குமா என்பது இன்றைக்கும் தெரியாது. என் பெறாமகள் சத்தம் போடவில்லை. மிதவை அங்கிகளை ஒவ்வொன்றாக வாங்கிக் கொடியில் காயப் போட்டாள். அவள் சத்தம் போடாததால் எல்லோரும் அவள் சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்தார்கள். பின்னேரம் சாப்பாட்டறை வாங்குகளை ஒன்றுசேர்த்து மேடை போட்டார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று, குனிந்து நீலக்கோட்டைத் தேடினார்கள். யாரோ ஒருவரின் காரின் பின்பெட்டியிலிருந்து குத்துவிளக்கு வந்தது. வரக்கூடாது என்று கை உயர்த்தியவர்களில் ஒருவர், வீட்டிலிருந்து புறப்படும்போது குத்துவிளக்கையும் எடுத்து வைத்திருக்கிறார். திரியும் எண்ணெயும்கூட.

சொன்னபடியே அவள் விலகினாள். மற்ற இளையவர்களும் விலகினார்கள். சபை பயிற்சி பெற்றவர்களைத் தேடியது, கிடைக்கவில்லை. "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குப் பொறுமை இல்லை" என்று ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். நடன ஆசிரியை மட்டும் எழுந்து, "பொறுமை இல்லாமலா இத்தனை வருஷம் வந்தாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி கூட்டக் குறிப்பில் ஏறவில்லை. முகாம் நின்றது.

இந்தக் கோடையில் ஒருநாள் காலை, மகள் மழைக்காற்சட்டையை மறந்துவிட்டாள், கொண்டுபோய்க் கொடு என்று தங்கை என்னை அனுப்பினாள். என் பெறாமகள் இப்போது நோர்வே அமைப்பொன்று நடத்தும் கோடை முகாமில் வேலை செய்கிறாள். பத்து நாள் முகாம். பஸ்ஸில் போய், பிறகு கப்பலில் போக வேண்டும். பஸ் ஒரு பாடசாலை மைதானத்திலிருந்து புறப்பட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது மைதானத்தில் எங்கள் கார்கள் நின்றன. அவற்றை எனக்கு இலக்கத் தகடு பார்க்காமலே தெரியும்.

ரொம்மன் பையன் முதுகுப்பையுடன் ஏற்கெனவே பஸ்ஸுக்குள் இருந்தான். தலைவரின் கடைசி மகளும் இருந்தாள். லோறென்ஸ்கூக்கார அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் கதவடியில் நின்றார். கதவில் என் பெறாமகள், அமைப்பின் சிவப்பு மேலாடையுடன். தாய் ஒரு ஐஸ்கிறீம் பெட்டியை நீட்டினார்.

"வழியில சாப்பிட மட்டும், பிள்ளை."

"வெளிச் சாப்பாடு ஏத்த ஏலாது அன்ரி. அலர்ஜிக்காரப் பிள்ளையள் இருக்கினம்."

நான் காத்திருந்தேன். இனித்தான் தொடங்கும் என்று எனக்குத் தெரியும். மச்சாள் வருவார், படகு வரும்.

"ஓ, அப்பிடியே," என்றார் அந்தத் தாய், பெட்டியை இழுத்துக்கொண்டு. "அவையின்ர சட்டம் எண்டால் சரி. பாக்க எப்ப வரலாம்?"

"வர ஏலாது அன்ரி. பத்து நாளும்."

"ஓமோம். அவையும் ஒழுங்கா நடத்தவேணும்தானே."

மகள் கையை விடுவித்துக்கொண்டு ஏறினாள். என் பெறாமகள் மழைக்காற்சட்டையை என்னிடமிருந்து வாங்கினாள். ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"பாத்தீங்களே, பெரியம்மா," என்றாள். கதவு மூடியது.

பஸ்ஸின் பின்னால் எந்தக் காரும் போகவில்லை. அதைக் கவனமாகப் பார்த்தேன். பெற்றோர் கொஞ்ச நேரம் கைகாட்டிவிட்டு, மைதானத்தின் நடுவில் கூடி நின்று வீட்டு வரி, பள்ளி விழா என்று கதைக்கத் தொடங்கினார்கள். தலைவர் என்னிடம் வந்தார்.

"அக்கா, வரலாறு எவ்வளவில நிக்குது? அந்தக் கடைசி வசனம் போட்டாச்சோ?"

"இல்லை."

"ஏன் போடாமல் இருக்கிறீங்கள்?" பஸ் போன பக்கம் கையைக் காட்டினார். முகத்தில் உண்மையான சந்தோசம். "பாருங்கோ, ஒருதுளி கண்ணீர் இல்லாமல் ஏறிப் போகுதுகள். எங்கட முகாமிலதானே பழகினதுகள்."

செய்தி மேசையில் இருந்த காலத்தில் பொய் சொல்பவர்களைப் பலமுறை சந்தித்திருக்கிறேன். அவர்களுக்கு என்ன கேள்வி போடுவது என்று எனக்குத் தெரியும். இவர் பொய் சொல்லவில்லை. அதனால்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அது ஆரின்ர முகாம்?" என்று மட்டும் கேட்டேன்.

"என்ன அக்கா?"

"ஒண்டுமில்லை."

லோறென்ஸ்கூக்கார அம்மா இடையில் வந்து பெட்டியை என் கையில் திணித்தார். "கொண்டுபோங்கோ அக்கா, வீணாப் போகும். நீங்கள் தனியத்தானே." மூடி வழியே சூடு கைக்குத் தெரிந்தது. நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது?

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். மத்தியானம் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது, அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு மேசையில் உட்கார்ந்து, வரலாற்றின் கடைசிப் பந்தியை எழுதினேன்: "முகாம் கடந்த கோடையுடன் நின்றது. அதை நடத்திய இளையவர்கள் விலகினார்கள். அவர்கள் கேட்டது, பெற்றோர் மூன்று நாட்கள் வராமல் இருக்க வேண்டும் என்பது." ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். மூன்று வசனத்துக்கும் நான் சாட்சி. தலைவருக்கு அனுப்பினேன்.

பின்னேரம் பதில் வந்தது. மிகவும் நன்றாக வந்திருக்கிறதாம். இடம் போதாததால் கடைசிப் பந்தியை மட்டும் கொஞ்சம் சுருக்கித் தன்னுடைய வசனத்தைப் போட்டுக்கொள்கிறாராம்.